பத்து குறைச்சா பச்சை வந்துடும்

பி.காம். படிக்கிறவன் ப்ரோக்ராம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. எழுதினேன், பெருமைப்பட்டேன், பெரிய பல்பு வாங்கினேன். அந்தக் கதையும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு கருத்தும்தான் இந்தப் பதிவு.

எங்கள் ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்கள் ஜன்னல் வழியாக உப்புக் குவியலைப் படம் எடுத்துக்கொண்டே போவார்களே, அதே ஊர்தான். எங்கள் தெருவில் பல வீடுகளில் உப்பளத்து வேலை. மழை மாதங்களில் அளத்தில் வேலை கிடையாது. அப்போது முன்பணம் வாங்கித்தான் வீடு ஓடும். மழை விட்டு, பாத்தி கட்டி, உப்பு வார ஆரம்பித்ததும் கூலியில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டில் அந்த நோட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்கிற பொறுப்பு ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணிடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். குட்டி என்று வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் குட்டியின் அம்மா வந்தார். "தம்பி, நீ காமர்ஸ்தானே படிக்கிற? இவளுக்குக் கழித்தல் மட்டும் வரவே மாட்டேங்குது. கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்றார். காமர்ஸ் என்றால் கணக்கில் புலி என்று ஊரில் ஒரு நம்பிக்கை. உண்மை என் கால்குலேட்டருக்கு மட்டும்தான் தெரியும் :-)

எனக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் பொறுமை இல்லை. அதனால் ஒரு 'சூப்பர்' ஐடியா பிடித்தேன். அக்கா ஸ்கூலில் படித்தபோது வாங்கிய பழைய மடிக்கணினி வீட்டில் கிடந்தது. எக்ஸெலில் 20 கழித்தல் கணக்குகள். ரேண்ட்பிட்வீன் போட்டால் எண்கள் தானாக வரும். பக்கத்துக் கட்டத்தில் விடையை அடித்தால், சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. அரை மணி நேர வேலை. ஏதோ பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியே ஆரம்பித்துவிட்ட மாதிரி நண்பர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் நாளே சொதப்பல். ஒரு விடையை அடித்ததும் கேள்விகள் எல்லாம் மாறிவிட்டன. எந்தக் கட்டத்தில் எதை அடித்தாலும் அந்த ஃபார்முலா எண்களைப் புதிதாகக் குலுக்கிப் போடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, மறந்துவிட்டேன். "அண்ணா, நான் சரியாத்தான் போட்டேன், கேள்விதான் மாறிடுச்சு" என்று குட்டி நியாயம் கேட்டாள். எண்களை மட்டும் காப்பி செய்து ஒட்டிச் சரி செய்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஜோர். முதல் நாள் பச்சை 11. ஒரு வாரத்தில் 19. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து செல்போன் நோண்டிக்கொண்டிருப்பேன், அவள் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருப்பாள். குட்டியின் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு வந்தது.

பிறகு பள்ளியில் பரீட்சை. பத்துக் கழித்தல் கணக்கில் நான்கு சரி. அவ்வ்வ்...

அன்று சாயங்காலம்தான் முதல் முறையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 52லிருந்து 27 போனால்? 35 என்று அடித்தாள். சிவப்பு. கொஞ்சமும் யோசிக்காமல் 25 என்று மாற்றினாள். பச்சை. அடுத்தது 61லிருந்து 28. 43, சிவப்பு. 33, பச்சை. எப்படி மாற்றினாய் என்று கேட்டேன். ரகசியம் சொல்வது போலச் சொன்னாள்: "சிவப்பு வந்தா பத்து குறைச்சா போதும்ணா, பச்சை வந்துடும்."

என் ப்ரோக்ராம் ஒரு வாரமாக அவளுக்குக் கழித்தலைக் கற்றுக்கொடுக்கவில்லை. பச்சையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பரீட்சைத் தாளில் சிவப்பும் வராது, பச்சையும் வராது. அதனால் 35 என்று எழுதிவிட்டு வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? இருக்கிற விதிகளுக்குள் குறுக்கு வழி கண்டுபிடித்த புத்திசாலி அவள். மண்டு நான்தான்.

ஆனால் அவள் விடைகளைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 2லிருந்து 7 போகாது, அதனால் பக்கத்திலிருந்து பத்து வாங்குகிறாள். 12லிருந்து 7 போனால் 5. அதுவரை சரி. பக்கத்தில் இருக்கிற 5 இப்போது 4 ஆகியிருக்க வேண்டும். அதை மட்டும் குறைக்கவில்லை. ஏன் குறைக்கவில்லை என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"கடன்தானேண்ணா வாங்கினோம்? திருப்பிக் குடுத்துடுவோம்ல. அப்புறம் அவங்ககிட்ட எதுக்குக் குறையணும்?"

யோசித்துப் பாருங்கள். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கழி' என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். புத்தகத்தில் 'இனமாற்றம்' என்று இருந்தாலும் பேச்சில் வருவது கடன்தான். ஒவ்வொரு மழைக்கும் முன்பணம் வாங்கி, வெயில் காலம் முழுக்க அதைத் திருப்பிக் கொடுக்கிற வீட்டுப் பெண்ணுக்குக் கடன் என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். கடன் என்றால் திரும்ப வரவேண்டிய பணம். கழித்தல் கணக்கில் அந்தப் பத்தை யாரும் திருப்பித் தருவதில்லையே! தவறு அவள் மூளையில் இல்லை, நாம் சொல்லிக்கொடுத்த வார்த்தையில் இருக்கிறது.

ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் எடுத்துவந்தேன். இதில் 27 ரூபாய் கொடு என்றேன். ஏழு காசு இல்லை. ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்துக் காசாக மாற்றிக்கொண்டாள். தாள் இப்போது நான்குதான் இருக்கிறது. "இது கடன் இல்லண்ணா, சில்லறை மாத்துறது" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு தப்பு அன்றோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இன்னும் எப்போதாவது வருகிறது. ஆனால் வந்தால் அவளே கண்டுபிடிக்கிறாள்.

இதிலிருந்து என் கருத்து என்னவென்றால், கணினியில் கணக்குப் பயிற்சி செய்வது நல்லதுதான். ஒரே மாதிரிக் கணக்கை நூறு முறை கேட்டாலும் அதற்கு அலுக்காது. தப்பாகப் போட்டால் வகுப்பு முழுக்கச் சிரிக்காது. ஆனால் சரி, தப்பு என்று மட்டும் சொல்கிற ப்ரோக்ராம் பாதி வேலையைத்தான் செய்கிறது. தப்பான விடையைப் படிக்கத் தெரியாத ப்ரோக்ராம் பக்கத்தில், அதைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும்.

தப்பான விடையைப் படிப்பதா? காமர்ஸ் மாணவர்களுக்கு இது புதிதே இல்லை. இருப்பாய்வு, அதாங்க ட்ரையல் பேலன்ஸ், டாலி ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்? வித்தியாசத்தை 2ஆல் வகுத்துப் பார்ப்போம். வரும் தொகை பேரேட்டில் இருந்தால், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருக்கலாம். 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 52ஐ 25 என்று எழுதினால் வித்தியாசம் 27. தப்பின் முகவரி தப்புக்குள்ளேயே இருக்கிறது. பெரியவர்களின் கணக்குக்குக் காட்டுகிற இந்த மரியாதையைக் குழந்தைகளின் கணக்குக்குக் காட்டாமல் சிவப்பு அடித்துவிட்டுப் போகிறோம்.

கம்ப்யூட்டர் உலகமும் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. 1960களிலேயே அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் சப்பீஸ், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி மூலம் கணக்குப் பயிற்சி கொடுத்தார். 1978ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் 'பக்கி' என்ற ப்ரோக்ராம் வருகிறது. குழந்தைகள் கண்டபடி தப்பு செய்வதில்லை, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள், எந்த விதி என்று விடைகளை வைத்தே பிடிக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

நம் குட்டியின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 52 - 27 = 35 என்று இரண்டு விதமாக வரலாம். கடன் வாங்கிவிட்டுப் பக்கத்தில் குறைக்காமல் விட்டாலும் 35. மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தாலும் 35. ஒரு கணக்கை வைத்து எது என்று சொல்ல முடியாது. 61 - 28 கொடுத்துப் பாருங்கள். முதல் தப்பு என்றால் 43 வரும், இரண்டாவது என்றால் 47 வரும். இரண்டு தப்புக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைச் செய்ய ராக்கெட் அறிவு வேண்டாம், எக்ஸெலில் இரண்டு இஃப் போதும். இவ்வளவு வருடம் கழித்தும் 'தவறு, மீண்டும் முயற்சி செய்' என்று மட்டும் சொல்கிற ஆப்கள் வந்துகொண்டேயிருக்கின்றன.

நம் நாட்டு அனுபவமும் இருக்கிறது. குஜராத்தின் வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக உட்கார வைத்துக் கணக்கு விளையாட்டு விளையாட விட்டார்கள். மதிப்பெண் நன்றாகவே ஏறியது. ஆனால் திட்டம் நின்று ஒரு வருடம் ஆனதும் அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. பின்னாளில், 2019ல், பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்த குழுவின் ஆய்வு இது, 2007ல் வெளியானது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற ப்ரோக்ராமை வைத்துச் செய்த ஆய்வு 2019ல் வந்தது. அது பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து ஆரம்பிக்கும், செய்கிற தப்பைப் பார்த்து அடுத்ததைக் கொடுக்கும். நல்ல பலன். அங்கேயும் 45 நிமிடம் கணினி என்றால், இன்னொரு 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு ஆளோடு படிப்பு.

ஆள் என்றதும் எங்கள் பக்கத்துக் கதை ஞாபகம் வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று முதல்வர் தொடங்கி வைத்தது எங்கள் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். மாலையில் தெருவில் ஒரு தன்னார்வலர், சுற்றிலும் 20 பிள்ளைகள் என்ற கணக்கு. தமிழகக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதத்தில் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் சொல்கிறது. அதற்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார ஒரு அக்காவோ அண்ணனோ.

'அதான் கால்குலேட்டர் இருக்கே, செல்போன் இருக்கே, எதுக்குய்யா இவ்வளவு?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நானும் அக்கவுன்ட்ஸ் பேப்பரில் கால்குலேட்டர் இல்லாமல் உட்கார மாட்டேன். ஆனால் கால்குலேட்டர் சொல்வதை நம்பலாமா, ஒரு பூஜ்யம் கூடுதலாக அடித்துவிட்டேனா என்று சந்தேகப்படவாவது உள்ளே கொஞ்சம் கணக்கு வேண்டும். அதோடு, முன்பண நோட்டில் பாக்கியை எழுதுகிற ஆள் முன்னால் நின்றுகொண்டு செல்போனை எடுத்துச் சரிபார்க்க குட்டியின் அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும். மகள் பார்த்துவிட்டு "சரிம்மா" என்று சொன்னால் போதும். அவள் பத்து குறைக்க மறந்தால் அங்கே எந்தக் கட்டமும் சிவப்பாகாது. தப்பான பாக்கி அப்படியே அடுத்த மழைக்கும் போகும்.

இப்போது என் ப்ரோக்ராமை மாற்றிவிட்டேன். ஒரு கணக்குக்கு ஒரு முறைதான் விடை. பச்சை, சிவப்பு எல்லாம் ஐந்து கணக்கு முடிந்த பிறகுதான். விடை பத்து கூடுதலாக இருந்தால் 'சில்லறை மாத்தின தாளை எடுத்தியா?' என்று கேட்கும். பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டு கட்டாயம். முக்கியமாக, நான் செல்போனை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருகிறேன். நேற்று 20க்கு 15. போன மாதத்து 19ஐவிட எனக்கு இந்தப் 15 பிடித்திருக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது படிக்கிற வாண்டு இருந்தால் இன்றைக்கே 61 - 28 கொடுத்துப் பாருங்கள். 43 வந்தாலும் 47 வந்தாலும் திட்டாதீர்கள். 'எப்படிப் போட்டே?' என்று மட்டும் கேளுங்கள்.

பி.கு: கருவாட்டுக் குழம்பு மறுபடி வரவில்லை. 20க்கு 20 எடுத்தால்தானாம் :-(