பச்சைத் தோலுக்கு இடம் இருந்தது

முப்பதாம் நூற்றாண்டில் கறுப்பர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்விக்கு டிசி காமிக்ஸ் 1976 ஏப்ரலில் ஒரு பதில் சொன்னது. அவர்களாகவே விலகி ஒரு தீவுக்குப் போய்விட்டார்களாம்.

'சூப்பர்பாய்' தொடரின் 216ஆவது இதழைத்தான் சொல்கிறேன். எழுத்து கேரி பேட்ஸ், ஓவியம் மைக் கிரெல். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, பல கோள்களின் இளைஞர்கள் ஒன்றுசேரும் குழு 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்'. 1958இல் தொடங்கிய இந்தக் குழுவில் பச்சைத் தோல் பிரெய்னியாக் 5 உண்டு, ஆரஞ்சுத் தோல் கமேலியன் பாய் உண்டு, நீலத் தோல் ஷேடோ லாஸ் உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக ஒரு கறுப்பர்கூட இல்லை. கற்பனைக் கோள்களின் நிறங்களுக்கெல்லாம் தாராளமாகக் கதவைத் திறந்தவர்களுக்கு, நியூயார்க் தெருவில் தினமும் பார்க்கும் நிறம்தான் கண்ணில் படவில்லை.

216ஆவது இதழில் டைராக் வருகிறார். மார்ஸால் என்ற கறுப்பர்களின் தீவைச் சேர்ந்தவர். குரலே அவருடைய ஆயுதம். லீஜனை வெறுக்கிறார், நிறத்தைப் பார்த்துத்தான் எங்களை ஒதுக்கினீர்கள் என்கிறார். லீஜன்காரர்களோ தாங்கள் நிறமே பார்ப்பதில்லை என்றும், நீலமோ பச்சையோ எல்லோரும் உடன்பிறப்புகளே என்றும் பதில் சொல்கிறார்கள். (இந்த வசனம் நம் வாசகர்களுக்குப் புதிதாக இருக்காது.) டைராக் தன் கோபத்தை விட்டுவிடுகிறார். இரண்டு இதழ்கள் கழித்து உறுப்பினராகிறார்.

என் ஆட்சேபம் இங்கேதான். டைராக் சொன்ன குற்றச்சாட்டு உண்மை. பதினெட்டு ஆண்டு இதழ்களே அதற்குச் சாட்சி. அந்த உண்மையைக் கதை ஒரு 'தவறான புரிதல்' ஆக்கிவிடுகிறது. ஒதுக்கியவர்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்டவர்தான் மனம் மாற வேண்டும். கறுப்பர்கள் இல்லாததற்குப் பதிப்பகத்தின் கதவு காரணமல்ல, கறுப்பர்களின் விருப்பமே காரணம் என்று வரலாறே திருத்தி எழுதப்படுகிறது.

"அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலை வைக்காதீர்கள்" என்று ரசிகர்கள் வருவார்கள். சரி, அந்தக் காலத்தையே எடுத்துக்கொள்வோம். 1966இல் ஃபெரோ லாட் என்ற முகமூடி வீரனை உருவாக்கிய ஜிம் ஷூட்டருக்கு அப்போது வயது 14. முகமூடிக்குள் இருப்பது கறுப்பு இளைஞன் என்று வெளிப்படுத்துவதே தன் திட்டம், ஆசிரியர் மார்ட் வைசிங்கர் மறுத்துவிட்டார் என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதினான்கு வயதுச் சிறுவனுக்குத் தெரிந்தது. அதே 1966இல்தான் போட்டி நிறுவனமான மார்வெல் 'பிளாக் பேந்தர்' பாத்திரத்தை அறிமுகப்படுத்தியது.

டைராக்கை வரைந்த கிரெலுக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முன்பே 207ஆவது இதழில் ஒரு காவல் அதிகாரியைக் கறுப்பராக வரைய நினைத்தார். அனுமதி கிடைக்கவில்லை, முகத்துக்கு வெள்ளையர் நிறம் பூசப்பட்டது. பிறகு இந்தத் தீவுக் கதை அவர் கைக்கு வந்தது. கறுப்பர்களெல்லாம் தனித் தீவில் இருக்கிறார்கள் என்ற எண்ணமே இனவாதம் என்று அவர் வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். வேண்டுமென்றே அபத்தமான உடையைக் கொடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். மார்பும் தொடையும் தெரியும் அந்த வெள்ளை உடையைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் உண்டு. எதிர்ப்பு ஆசிரியர் மீது; கேலிக்கோலத்தைச் சுமந்தது என்னவோ டைராக்தான்.

ஆக, 'அந்தக் காலம்' என்பது ஒரே குரலில் பேசவில்லை. மறுத்தவர்களும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள், மேசையின் மறுபக்கத்தில்.

உறுப்பினரான பிறகும் டைராக்குக்குப் பெரிதாக வேலை தரப்படவில்லை. 1980இல் மார்ஸால் தீவுக்குப் புது விளக்கம் வந்தது. அது அவ்வப்போது பூமியிலிருந்து மறைந்து வேறொரு பரிமாணத்துக்குப் போய்விடுமாம். தீவு போனது, கூடவே டைராக்கும் போனார்.