புதிய பாட்டரி வாங்குவதற்கு முன்

மழை விட்ட மறுநாள், உழவுக்கு ஈரம் பதமாக இருக்கும் நேரத்தில் பழைய டிராக்டர் கிளம்ப மறுப்பது பல விவசாயிகளுக்குப் பழகிப்போன தொல்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வரும். பாட்டரி போய்விட்டது என்று புதியது வாங்குகிறார்கள். சில வாரங்களில் அதே தொல்லை திரும்புகிறது. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். இப்படி ஊகத்தில் பாகங்களை மாற்றுவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. கோளாறு இருக்கும் இடத்தை அறிந்த பிறகே செலவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு மல்ட்டிமீட்டர் போதும்.

முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃபை இயக்கிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் அடியோடு மங்கினால் பாட்டரி, அதன் முனைகள், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வெளிச்சம் குறையாமலே செல்ஃப் சுற்றாவிட்டால் சாவி சுவிட்ச், சோலனாய்டு, ஒயர் ஆகியவற்றைப் பார்க்கலாம். சில டிராக்டர்களில் கிளட்ச் அல்லது கியருடன் சேர்ந்த பாதுகாப்பு சுவிட்சும் காரணமாக இருக்கும்.

இரவு முழுவதும் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பாட்டரி, நிறைவாகச் சார்ஜ் ஆகியிருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிய பிறகே அது நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய வேண்டும்.

பலர் கவனிக்காதது எர்த் கேபிள். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, ஒருவர் செல்ஃபை இயக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துருவோ தளர்வோ உண்டு. புதிய பாட்டரி போட்டாலும் இந்தக் குறை தீராது. எர்த் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். முனைகளில் பூத்த பச்சை, வெள்ளைப் படிவத்தை ஆப்பச் சோடா கலந்த வெந்நீரால், மூடிக்குள் இறங்காதபடி கழுவித் துடைத்து, இறுக்கிய பின் வாசலைன் தடவலாம். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். அது 12.5 வோல்ட்டிலேயே நின்றால் பெல்ட், டைனமோ, ரெகுலேட்டர் ஆகியவற்றில் குறை. புதிய பாட்டரி சில வாரங்களில் படுத்துவிடுவதற்கு இதுவும் காரணம்.

இதெல்லாம் மெக்கானிக்கின் வேலை என்று சிலர் சொல்லலாம். கழற்றி மாட்டுவது அவர் வேலைதான். ஆனால் பணம் கொடுப்பவர் விவசாயி. எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், அதன் குறையை மீட்டரில் காட்டும்படி கேட்பது அவருடைய உரிமை. நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார். டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும் உழவுப் பருவம் தொடங்குவதற்கு முன்பே இந்தச் சோதனைகளை ஒருமுறை செய்துவிடுவது நல்லது.