துப்பாக்கியை வாங்கி வைக்க யாருக்கு அதிகாரம்?

தேர்தல் தேதி அறிவித்ததும் லைசென்சு துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது நம் நாட்டில் பழகிப்போன காரியம். வடமாலபேட்டைப் பக்கம் பயிரைக் காக்க மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயியானாலும், சொந்தத் துப்பாக்கியை நம்பிக் காவல் வேலை பார்க்கும் ஏழையானாலும் வித்தியாசம் பார்ப்பதில்லை. காவலாளியிடம் துப்பாக்கி போனால் சம்பளமும் போயிற்று.

அப்படி எல்லோரிடமும் வாங்கச் சட்டம் சொல்லவில்லை. ஜாமீனில் இருப்பவர், குற்ற வழக்கில் சிக்கியவர், முன்பு தேர்தல் கலவரத்தில் ஈடுபட்டவர் ஆகியோரைக் குழு ஒன்று தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பது தேர்தல் கமிஷன் வகுத்த முறை. காரணம் எழுதாமல் பொதுவாகக் கேட்கக் கூடாது என்று அலகாபாத் ஐகோர்ட்டும் 2024 மார்ச்சில் கூறிவிட்டது. மற்ற நாட்களில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி கலெக்டர் லைசென்சை நிறுத்தி வைக்கலாம். அதற்கும் எழுத்தில் காரணம் வேண்டும், அப்பீலும் உண்டு.

அமெரிக்காவில் வழி வேறு. ஒருவர் தம்மையோ பிறரையோ சுட்டுவிடுவார் என்ற அச்சம் இருந்தால் கோர்ட்டே துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும். 1999-ல் கனெக்டிகட் தொடங்கியது. இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்தச் சட்டம் உண்டு. பல மாநிலங்களில் குடும்பத்தாரே மனுச் செய்யலாம். முதல் உத்தரவு சில நாட்களுக்குத்தான். எதிர்த்தரப்பைக் கேட்ட பிறகே நீடிக்கும். குடும்ப வன்முறைத் தடை உத்தரவுக்கு ஆளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் 2024 ஜூனில் 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

நம் ஆயுதச் சட்டத்தில் மனைவியோ தாயோ கோர்ட்டுக்குப் போகத் தனி வழி கிடையாது. ஆனால் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. 2006-ல் வந்த அதன் விதிகளில் 10-வது விதியைப் பார்க்க வேண்டும். மாஜிஸ்திரேட் எழுத்தில் உத்தரவிட்டால், வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைப் பாதுகாப்பு அதிகாரி போலீஸ் உதவியுடன் கைப்பற்றலாம். துப்பாக்கிக்கு லைசென்சு உண்டா இல்லையா என்ற பேச்சே இல்லை. அரிவாளும் இதில் அடங்கும். இப்படி ஒரு விதி இருப்பது போலீசாரிலேயே எத்தனை பேருக்குத் தெரியுமோ! மனுவின் முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாளில் வைக்க வேண்டும். அவசரமானால் எதிர்த்தரப்பைக் கேளாமலே இடைக்கால உத்தரவு போடலாம்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் கவனிக்க வேண்டியது 27-வது பிரிவு. சொந்த ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. அந்தப் பெண் தற்காலிகமாகக் குடியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமே மனுச் செய்யலாம்.