அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தாயிற்று

"அம்மாவுக்கு டச் போன் வாங்கிக் கொடுத்தாச்சு. இனிமே கவலை இல்லை."

பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டில், நான்கு வருடங்களுக்கு முன்னால் இதைச் சொன்னது என் தம்பி. தலையாட்டியது நான். அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தம்பி பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவன். எனக்குத் தருமபுரி டவுனில் பள்ளிக்கூட வேலை. அம்மாவுக்கு அப்போது 68 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. கவலை இல்லை என்றால் யாருக்குக் கவலை இல்லை என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா சீக்கிரமே கற்றுக்கொண்டார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பின் மைக் பெரிய வரம். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார். புளி உலுக்க ஆள் கிடைக்காதது, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது, யார் செத்தார்கள், யார் வீட்டில் சண்டை. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். நான் பேப்பர் திருத்த வேண்டும், சமைக்க வேண்டும், என் மாமியாரைப் பார்க்க வேண்டும். அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது போனை என்னிடம் நீட்டினார். "இந்த மைக்கு நீலமா ஆவலையே கண்ணு. நீ கேட்டா நீலமாவும்னு பேரன் சொன்னானே. போன் ரிப்பேரா?"

போன் ரிப்பேர் இல்லை. எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது செய்திகள் நான் கேட்காமல் கிடந்தன. ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத என் அம்மா, மகள் தன் குரலைக் கேட்டாளா இல்லையா என்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

முதியவர்களின் தனிமையைப் பற்றி இன்று இரண்டு தரப்பு பேசுகிறது. சமூக ஊடகம் வந்து தனிமையைப் போக்கிவிட்டது, பேரனை வீடியோவில் பார்த்தால் போதும் என்கிறது ஒன்று. போன்தான் பெரியவர்களைக் கெடுத்துத் தனிமையில் தள்ளுகிறது என்கிறது இன்னொன்று. இரண்டு தரப்பும் போனையே பார்க்கின்றன. போனைக் கையில் வைத்திருக்கும் பெண்ணைப் பார்ப்பதில்லை.

இந்தச் சண்டை புதிது இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் கிராவுட்டும் அவருடைய குழுவினரும் 73 குடும்பங்களுக்கு இணைய வசதியோடு கணினி கொடுத்து, 169 பேரைக் கவனித்தார்கள். அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தனிமையும் மனச்சோர்வும் கொஞ்சம் கூடியதாக 1998இல் எழுதினார்கள். அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது அந்தப் பாதிப்பு பெரும்பாலும் மறைந்திருந்தது. 2002இல் அதையும் எழுதினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஏற்கெனவே ஆதரவான மனிதர்கள் சுற்றி இருந்தவர்களுக்கு இணையம் நன்மை செய்தது. இல்லாதவர்களை இன்னும் கீழே தள்ளியது. இருக்கிறவனுக்கே மேலும் சேரும் என்ற பணத்தின் கணக்குதான் இங்கேயும்.

அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. என் அம்மாவைச் சுற்றி யார் இருந்தார்கள்? இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

அம்மாவின் போனில் பதினொரு எண்கள் இருந்தன. எல்லாம் சொந்தக்காரர்கள். ஒரு தோழியின் எண்கூட இல்லை. அப்பாவுக்கு டீக்கடைக் கூட்டாளிகள் இருந்தார்கள், கட்சிக்காரர்கள் இருந்தார்கள், கூடப் படித்தவர்கள் இருந்தார்கள். அவர் சாகும்வரை சாயங்காலம் வீட்டில் இருந்ததில்லை. அம்மா பதினாறு வயதில் கல்யாணம் ஆகி ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரோடு ஆடு மேய்த்த தோழியைப் பாலக்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஐம்பது வருடத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள், இரண்டும் சாவு வீட்டில். அம்மாவின் தனிமையைப் போன் உண்டாக்கவில்லை. கல்யாணத்தன்றே அது தொடங்கிவிட்டது. அடுப்பும் பிள்ளைகளும் மாமியாரும் இருந்தவரை வேலை அதை மூடி வைத்திருந்தது.

நடுவில் ஒரு வாசல் திறந்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதே நம் தருமபுரியில்தான். 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த மாவட்டத்தில். எங்கள் ஊருக்குக் குழு வந்ததும் அம்மா சேர்ந்தார். வாரம் ஒரு நாள், சாயங்காலம், கோயில் திண்ணையில் கூட்டம். பத்து ரூபாய் சேமிப்பு ஒரு சாக்கு. புருஷனிடம் காரணம் சொல்லாமல் வெளியே உட்காரக் கிடைத்த ஒரே மணி நேரம் அது. அறுபது வயது தாண்டியதும், "கடன் வாங்கற வயசு போச்சு, மருமக பேரை எழுதுங்க" என்றார்கள். கடன் இல்லை, அதனால் கூட்டமும் இல்லை. அப்புறம் நூறு நாள் வேலை. ஏரிக்கரையில் மண் வெட்டிக்கொண்டே கிழவிகள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்களுக்கு அதுதான் சமூக ஊடகம். முழங்கால் போனதும் அதுவும் நின்றது. இத்தனையையும் இழந்த பிறகு அவர் கையில் நாங்கள் ஒரு போனைக் கொடுத்தோம்.

அந்தப் போனாவது அவருடையதா? சிம் தம்பி பெயரில். ரேஷன் கார்டில் இருப்பது தம்பியின் எண். எங்கள் ஊர்க் கடையில் அம்மா சர்க்கரை வாங்கினால் குறுஞ்செய்தி பெங்களூருக்குப் போகிறது. கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் விண்ணப்ப முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று தொடங்கி வைத்தது நம் தொப்பூரில்தான். மாதம் ஆயிரம் ரூபாய், அதற்குப் பெயரே உரிமைத் தொகை. நான் பார்த்த பல வீடுகளில் பணம் பெண்ணின் கணக்கில் விழுகிறது. விழுந்த செய்தியைப் படிப்பது மகன்.

கணக்கெடுப்பிலும் இதே கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. பெண்கள் எத்தனை பேர் இணையம் பயன்படுத்தினார்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கேட்டது. தமிழ்நாட்டில் பாதிப் பெண்கள்கூட இல்லை, ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். ஆனால் அந்த ஆய்வு இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்கள் எல்லோரும் 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்கள். பிள்ளை பெறும் வயதை வைத்துப் போட்ட கோடு அது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் அம்மா அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

போன் பெரியவர்களைக் கெடுக்கிறது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் காலை ஐந்து மணியிலிருந்து குரூப்பில் எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார். பாதி பொய்ச் செய்தி. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதே தெருவில் கணவனை இழந்த ஒரு பெரியம்மா, பேத்தியை எடுக்கச் சொல்லி நடவுப் பாட்டு பாடி ஒரு வீடியோ போட்டார். இருபது பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். மறுநாள் மகன் வந்து, "தாலி அறுத்தவளுக்கு ஆட்டம் கேக்குதா" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். கெடுக்கிறது என்ற கவலையெல்லாம் பெண் கையில் போன் இருக்கும்போது மட்டும்தான் வருகிறது.

"பிள்ளைகள் பிழைப்புக்குப் போக வேண்டாமா?" என்று கேட்பீர்கள். போகத்தான் வேண்டும். மழை பொய்த்தால் பஸ் ஏறும் மாவட்டம் இது. தம்பி திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மகள்கள் வேலையை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். கிழவிகளின் தனிமையைப் போக்குகிறேன் என்று கிளம்பும் எவரும் கடைசியில் அந்தச் சுமையை இன்னொரு பெண்ணின் தலையில்தான் இறக்குவார்கள். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் சோறு, துணி, வீடு, மருத்துவம் என்று பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கிறது. பேச்சுத்துணையை எந்தத் தீர்ப்பாயமும் வாங்கித் தராது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் இருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிக்கை வெளியிட்டது. இது பொதுச் சுகாதாரம் என்றால், பதிலும் பொதுவில் இருந்துதான் வர வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. குழுக்களில் வயதுக் கோட்டை எடுங்கள். கடன் வேண்டாம், கூட்டம் வேண்டும். ஊருக்குள் கிழவிகள் உட்கார நிழலும் ஒரு கழிப்பறையும் வேண்டும். அவள் ஆதாரில் அவள் பெயரில் ஒரு சிம் வேண்டும். வீட்டில் இருக்கும் ஆண் அந்தப் போனைத் திறந்து பார்க்கக் கூடாது.

அம்மாவுக்கு இப்போது 72 வயது. சிம்மை அவர் பெயருக்கு மாற்றிவிட்டோம். பாலக்கோட்டுத் தோழியைத் தேடிப் பிடிக்க எட்டு மாதம் ஆனது. அவருக்குச் சொந்தமாகப் போன் இல்லை. கல்லூரியில் படிக்கும் பேத்தியின் போனில்தான் பேசுகிறார். முதல் நாள் இரண்டு பேரும் ஐந்து நிமிடம் அழுதார்கள். அப்புறம் யார் ஆடு யார் கொல்லையில் மேய்ந்தது என்று அம்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய வழக்கை எடுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எனக்கு வரும் செய்திகள் இப்போது குறைந்துவிட்டன. வந்ததை அன்றைக்கே கேட்கிறேன்.

இதைப் படிக்கும் தங்கைகளே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் ஆயாவின் போனை அவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் சொந்தக்காரர் அல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றும் இல்லையென்றால், "உன் கூட்டாளி பேர் என்ன ஆயா, எந்த ஊர்ல கட்டிக்கொடுத்தாங்க?" என்று கேட்டு, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.