கேள்வி கேட்கும் கடையில் வாங்குங்கள்



எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றிச் சில மாதங்களாகவே உங்கள் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. மருந்து நல்லதா என்று கேட்பவர்கள் குறைவு. ஆன்லைனில் விற்கும் கடை உண்மையானதுதானா, எப்படித் தெரிந்துகொள்வது என்றே பலரும் கேட்கிறீர்கள். கூடவே, “என் பெயரைப் போட வேண்டாம்” என்ற குறிப்பும் வருகிறது. என்னை அதிகம் வருத்தியது அந்தக் குறிப்புதான். பருமன் பற்றிய கூச்சத்தால் டாக்டரிடம் போகவும் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்கவும் தயங்குகிறோம். முகம் தெரியாத ஒருவரின் வாட்ஸ்அப் எண் அதைவிட எளிதாகத் தோன்றுகிறது. போலி மருந்து விற்பவர் நம்பியிருப்பதும் இந்தக் கூச்சத்தைத்தான்.

நீங்கள் கேட்கும் ஊசிகள் பெரும்பாலும் இரண்டு: டிர்செபடைடும் செமாகுளுடைடும். முதலாவது மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், இரண்டாவது வெகோவி என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. இரண்டுமே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. செமாகுளுடைடின் காப்புரிமைக் காலம் இங்கே 2026 மார்ச்சோடு முடிவதால், வேறு பல நிறுவனங்களும் அதைத் தயாரிக்க வழி திறந்திருக்கிறது. விலை குறைவது நல்ல செய்தி. ஆனால் புதுப்புதுப் பெயர்கள் வரும்போது அசல் எது, போலி எது என்று பெட்டியைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. விற்பவரைத்தான் பார்க்க வேண்டும்.

போலி என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023-இல் ஆஸ்திரியாவில் சிலர், செமாகுளுடைடின் இன்னொரு வணிகப் பெயரான ஓசெம்பிக் என்று நம்பி ஊசி போட்டுக்கொண்டு, சர்க்கரை அளவு திடீரென விழுந்து, வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உள்ளே இருந்தது செமாகுளுடைட் அல்ல, இன்சுலின் என்று அந்நாட்டு அதிகாரிகள் சந்தேகித்தார்கள். பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் போலி ஓசெம்பிக் பிடிபட, 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விடுத்தது. கண்காணிப்பு கடுமையான நாடுகளிலேயே இப்படி.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். ஆன்லைன் மருந்துக் கடைகளுக்கான வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வெளியாயின. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை ஆன்லைன் விற்பனை கூடாது என்றார். அடுத்த மாதமே டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. ஆண்டுகள் பல ஓடியும் வரைவு வரைவாகவே கிடந்தது. அந்த விதிகள் சொன்ன தனிப் பதிவு நடைமுறைக்கு வராத நிலையில், ஒரு தளத்தில் “அரசு அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பார்மசி” என்று பளபளப்பான முத்திரை இருந்தால் அதை நம்பாதீர்கள்.

அப்படியானால் எதை நம்புவது? தளத்துக்குப் பின்னால் ஓர் உண்மையான மருந்துக் கடை இருக்கிறதா என்று தேடுங்கள். சில்லறை மருந்துக் கடைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தரும் உரிமம் வேண்டும். 20, 21 என்ற எண்ணுள்ள படிவங்களில் அது இருக்கும். பெரிய செயலிகளில் ஆர்டர் செய்தாலும் மருந்தை அனுப்புவது இப்படி உரிமம் பெற்ற ஒரு கடையாகத்தான் இருக்க வேண்டும். கடையின் பெயர், தெரு முகவரி, உரிம எண் மூன்றையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சந்தேகம் வந்தால் அந்த எண்ணை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். பில்லில் பேட்ச் எண், காலாவதி தேதி, சீட்டு எழுதிய டாக்டரின் பெயர், மருந்தாளுநரின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். “பில் வேண்டாம் என்றால் விலை குறையும்” என்று சொல்பவரிடம் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: நல்ல கடை உங்களைக் கேள்வி கேட்கும். சீட்டு எங்கே என்று கேட்கும். சீட்டு எழுதும் முன், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் வந்திருக்கிறதா, கணையத்தில் அழற்சி வந்ததுண்டா, கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறீர்களா என்று நல்ல டாக்டரும் கேட்பார். சில நேரம் “உங்களுக்கு இது வேண்டாம்” என்றும் சொல்வார். வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது சட்டப்படி சரிதான், 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல்கள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். அதை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டங்களில் டிக் அடித்ததும் சீட்டு தயார் என்றால் அது மருத்துவமே இல்லை. செமாகுளுடைட் ஊசியை வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாகத்தான் கூட்டுவார்கள். எடுத்த எடுப்பிலேயே பெரிய டோஸை நீட்டுபவருக்கு உங்கள் உடம்பைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டு தேவைப்படும் மருந்துகளைப் பொதுமக்களிடம் இப்படி விளம்பரப்படுத்தச் சட்டம் இடம் தருவதில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் பருமனும் இருக்கிறது. ஆகவே “பத்து நாளில் பத்து கிலோ” என்ற வாசகமே உங்களுக்கு விடை சொல்லிவிடுகிறது. “மூலிகை மட்டுமே” என்று வரும் காப்ஸ்யூல்களிலும் கவனம் வேண்டும். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் பல நாடுகள் விலக்கிய, இந்தியாவும் 2011-இல் தடை செய்த சிபுட்ரமின் என்ற மருந்து, அப்படிப்பட்ட காப்ஸ்யூல்களில் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. “ஆராய்ச்சிக்கு மட்டும்” என்று எழுதிய, பொடி அடைத்த குப்பிகளைத் தொடவே வேண்டாம்.

பார்சல் வந்த பிறகும் பாருங்கள். திறக்காத ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது, உறைந்தாலும் வீண். மே மாத வெயிலில் ஐஸ் பேக் கூட இல்லாமல் சாதாரண கவரில் கூரியரில் வந்தால், மருந்து அசலாகவே இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

சந்தேகமான இடத்தில் ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். பெட்டியோடும் பில்லோடும் டாக்டரிடம் எடுத்துப்போங்கள். ஊசி போட்ட பிறகு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை விழுந்திருக்கலாம். நினைவு தெளிவாக இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, 108-ஐ அழையுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பக்க விளைவுகளைத் தெரிவிக்க அரசின் இலவச எண் 1800-180-3024. எனக்கும் எழுதுங்கள். பெயர் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்