கம்ப்யூட்டருக்குத் தனி லைன்: வீண் செலவல்ல, காப்பு!

கடைக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமா, வேண்டாமா என்று நாம் விவாதித்த காலம் போய்விட்டது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்தது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர், மற்ற வணிகருக்கு விற்கும் சரக்குக்கு மின்னணு முறையில்தான் பில் போடவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ஆகிவிட்டது. கணக்குப்பிள்ளையின் மேசையில் இன்று கம்ப்யூட்டரும், பிரிண்டரும், யூ.பி.எஸ்.ஸும் இருக்கின்றன. பெரிய மொத்த வியாபாரக் கடைகளில் சர்வரும் இருக்கிறது. இவ்வளவையும் பார்த்துப் பார்த்து வாங்கிய நாம், இவற்றுக்கு மின்சாரம் எந்தக் கம்பி வழியாக வருகிறது என்பதை மட்டும் பார்க்கத் தவறிவிட்டோம்.

மதுரை கீழமாசி வீதியானாலும் சரி, சென்னை சௌகார்பேட்டையானாலும் சரி, நமது கடைகளில் பல, முன்கட்டில் கடையும் பின்கட்டில் வீடுமாகக் கட்டிய பழைய கட்டடங்கள். அங்கே ஒரு மின்விசிறிக்கும் இரண்டு டியூப்லைட்டுக்கும் என்று இழுத்த கம்பியிலேயே இன்று எல்லாம் ஓடுகின்றன. நமது உறுப்பினர் ஒருவர் கடையில் சுவிட்ச் போர்டு உருகிக் கருகிய வாடை, மேலே குடியிருந்தவர்களுக்குத் தெரிந்ததால் பெரிய விபத்து தப்பியது. ஒரே பாயின்ட்டில் மல்டி பிளக் மாட்டி, அதில் யூ.பி.எஸ்., பிரிண்டர், மின்சாரக் கெட்டில் மூன்றும் ஓடியிருக்கின்றன.

பழைய சர்வர் வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரிய சர்வர்கள் சிலவற்றில் 200 முதல் 240 வோல்ட் வேண்டும் என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் வீட்டு பிளக்கில் வருவது 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அங்கே இத்தகைய இயந்திரத்துக்குத் தனி லைன் போட்டே ஆகவேண்டும். நமக்கோ வீட்டுக்கு வருவதே 230 வோல்ட். செருகினால் ஓடிவிடுகிறது. நாம் ஏமாறுவதும் இங்கேதான். பிளக் பொருந்துவது வேறு, லைன் தாங்குவது வேறு.

கணக்கு நமக்குப் புதிதல்ல, போட்டுப் பார்ப்போம். சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். 16 ஆம்பியர் பவர் பாயின்ட் 3,680 வாட். 3 கே.வி.ஏ. ஆன்லைன் யூ.பி.எஸ். முழுச் சுமையில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். பாட்டரி சார்ஜ் ஆகும்போது இன்னும் கூடும். அதன் பெரிய பிளக்கை அடாப்டர் போட்டுச் சின்ன பாயின்ட்டில் செருகுவது, ஒரு மூட்டை தூக்குபவர் தலையில் இரண்டு மூட்டைக்கு மேல் ஏற்றுவதற்குச் சமம். கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடு நான்கு மடங்காகும் என்பது மின்சாரத்தின் விதி.

அடிக்கடி பியூஸ் போகிறதென்று பியூஸ் கட்டையில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றுபவர்களும், 6 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டுபவர்களும் நம்மிடையே உண்டு. பியூஸும் எம்.சி.பி.யும் கம்பியைக் காக்க வந்தவை. கம்பியை மாற்றாமல் அவற்றை மாற்றுவது, காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

அடுத்தது எர்த். கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பில்டரிலிருந்து சிறிதளவு கரண்ட் எர்த்துக்குப் போவது இயல்பு. எர்த் இல்லையென்றால் அது தொடுபவர் உடம்பு வழியாகப் போகும். எர்த் கம்பிக்குப் பதிலாக நியூட்ரலை இணைத்துச் சமாளிப்பது இன்னும் ஆபத்து. நியூட்ரல் அறுந்தால் அந்தப் பெட்டியிலேயே 230 வோல்ட் நிற்கும். மும்முனை இணைப்புள்ள கடையில் பொது நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் பொருள்களில் சிலவற்றுக்கு 400 வோல்ட் நெருங்கி வரும். பல ஆண்டுக் கணக்கு ஒரு நொடியில் போகும். ஆகவே நியூட்ரல் கம்பி, பேஸ் கம்பியைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது.

பின்கட்டு வீட்டு மீட்டரிலிருந்து கடைக்கு ஒயர் இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, ஒரு தேவைக்கு வாங்கிய இணைப்பை வேறு தேவைக்குப் பயன்படுத்தினால் இரு மடங்கு கட்டணம். எவ்வளவு காலம் என்று கண்டறிய முடியாவிட்டால் பரிசோதனைக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். மிச்சம் பிடித்த பணம் வட்டியோடு போய்விடும்.

குறை நம்முடையது மட்டுமல்ல. நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்கள். கட்டட உரிமையாளர் ஒயரிங் மாற்றச் சம்மதிப்பதில்லை. கூடுதல் மின்சுமை கேட்டால் அலைச்சல். இதே சட்டத்தின் 43ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமன்றி அதை அனுபவிப்பவரும் மின் இணைப்பு கேட்கலாம் என்கிறது. அந்த உரிமை காகிதத்தோடு நிற்கக் கூடாது. கூடுதல் சுமைக்கான விண்ணப்பங்களை விரைந்து முடித்துத் தரும்படி மின்வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறோம். இயந்திரம் விற்பவர்களும் அது இழுக்கும் ஆம்பியரைப் பில்லிலேயே எழுதித் தரவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை இவை. இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து லைனைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்களுக்கு மெயின் போர்டிலிருந்தே தனி லைன், தக்க கனத்தில் செப்புக் கம்பி, அதற்கேற்ற எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுக் காப்பு சுவிட்ச், நல்ல எர்த் ஆகியவை வேண்டும். லேசர் பிரிண்டரைச் சிறிய யூ.பி.எஸ்.ஸில் மாட்டக் கூடாது. கடை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒயரிங் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு, பெரும்பாலும் நாம் வாங்கும் ஒரு கம்ப்யூட்டரின் விலையைத் தாண்டாது. சரக்கு எரிந்தால் மீண்டும் வாங்கலாம். பின்கட்டில் உறங்கும் பிள்ளைகளையும், பரணில் படுக்கும் கடைப் பையனையும் எந்தச் சந்தையில் வாங்குவது? இன்று இரவு கடையைச் சாத்துமுன் ஒவ்வொரு சுவிட்ச் போர்டின் மேலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் உடனே மெயினை அணைத்துவிட்டு, நாளைக் காலை முதல் போனி எலெக்ட்ரீஷியனுக்காக இருக்கட்டும்.