முட்டி வலிக்கு எத்தனை சதவீதம்?

அன்னூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 24 வருடம் பட்டாளம். இப்போது மில் ஒன்றில் செக்யூரிட்டி வேலை. இடுப்பு டிஸ்க் விலகி வலது கால் மரத்துப் போகிறது. முட்டியோ உட்கார்ந்தால் எழவிடுவதில்லை.

“ஏனுங்க, பட்டாளத்துல வந்த வலிதானுங்களே, எழுதிப் போட்டா என்னங்க?” என்கிறார் மனைவி.

“போர்டு டாக்டரே இல்லைன்னு எழுதிட்டாரு. விடு புள்ள.”

கொங்கு நாட்டில் இந்த உரையாடல் நடக்காத முன்னாள் ராணுவத்தினர் வீடு குறைவு. ‘விடு புள்ள’ என்பதில்தான் பலருடைய பணம் போய்விடுகிறது.

பணியிலிருந்து விடுபடும்போது நடக்கும் மருத்துவப் போர்டு இரண்டு விஷயங்களை எழுதும். ஒன்று, இந்தக் கோளாறு ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா என்பது. இரண்டாவது, எத்தனை சதவீதம் என்பது. நம்மவர்கள் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். முதல் கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தால் சதவீதம் 40 இருந்தும் பயனில்லை. பணியால் வந்தது அல்லது மோசமானது, இரண்டில் ஒன்றை நிலைநாட்டினால் போதும். தேய்மானம் வயதால் வந்தது என்றே டாக்டர் சொன்னாலும், பனிமலையில் சுமை தூக்கி ஏறியதால் அது முற்றியது என்று வாதாட இடமுண்டு.

இங்கே கைகொடுப்பது தரம்வீர் சிங் வழக்கு. 1985-ல் சேர்ந்த அவரை, வலிப்பு நோய் என்று 1994-ல் 20 சதவீத ஊனத்துடன் வெளியே அனுப்பினார்கள், பென்ஷன் மறுக்கப்பட்டது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பணிக்குச் சம்பந்தமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. போர்டு காரணம் எழுத வேண்டும். முதுகு, முட்டி வழக்குகளிலும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

இனி சதவீதம். முதுகு, நரம்பு, முட்டி என்று தனித்தனியே மதிப்பிட்டுக் கடைசியில் மொத்தமாக ஓர் எண் போடுவார்கள்; அது வெறும் கூட்டல் கணக்கு அல்ல. 20-ஐத் தொட்டால் ‘பிராட் பேண்டிங்’ முறையில் அது 50 ஆகும். முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணக்கு இப்படி: கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 100 சதவீதத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. 20 சதவீதத்துக்கு 2,400. அதுவே 50 ஆனால் 6,000. வழக்கமான பென்ஷனுக்கு மேல் வருவது இது.

ஆனால் 15, 19 என்று நின்றுவிட்டால்? பணிக்காலம் முடித்து வந்தவருக்கு 20-க்குக் கீழே இந்தத் தொகை கிடையாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. ஒரு சதவீதத்தில் மாதம் ஆயிரக்கணக்கில் போகிறது.

இதற்கு ஜவான்களின் பழக்கமும் ஒரு காரணம். பணியில் இருக்கும்போது மெடிக்கல் கேட்டகிரி குறைந்தால் பதவி உயர்வு போய்விடும் என்று வலியை மறைப்பார்கள். கடைசிப் போர்டில் டாக்டர் கேட்டாலும் விறைப்பாக நின்று ‘ஒண்ணுமில்ல சார்’ என்பார்கள். அந்த விறைப்பு ரிகார்டில் ஏறிவிடும்!

மனு எழுதும் முன் காகிதங்கள் வேண்டும். மருத்துவப் போர்டு நடவடிக்கைகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ரிகார்ட்ஸ் அலுவலகத்திடம் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது மலைமேல் வெலிங்டனிலேயே இருக்கிறது. எந்த வருடம் எங்கே போஸ்டிங், காயப்பட்ட அறிக்கை, ஆஸ்பத்திரியில் படுத்த சீட்டு, இப்போதைய எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்க வேண்டும். ‘வலி தாங்கலை’ என்பதைவிட, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எத்தனை படி ஏற முடிகிறது என்று எழுதுவது பலன் தரும்.

மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. பிறகு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளை. கெடு தாண்டிவிட்டாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் தாமதமாகப் போனால் பழைய நிலுவையில் வெட்டு விழக்கூடும். வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. மனு எழுதத் தெரியாதவர்கள் கோவையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. அதற்குப் பின் வெளியே வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய மனுவை அப்படியே நகலெடுத்துப் போட வேண்டாம்.

அன்னூர் ஹவில்தார் முதலில் செய்ய வேண்டியது, பீரோவுக்கு மேலே இருக்கும் அந்த இரும்புப் பெட்டியை இறக்குவது. முட்டி வலிக்கும், மகனைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.